கடினமான கேள்வியை முதலில் எழுத வேண்டுமா?

'மூளை தெளிவாக இருக்கும்போதே கடினமான கேள்வியை முதலில் முடித்துவிடுங்கள்' என்றொரு அறிவுரை தேர்வுக்காலத்தில் வேகமாகப் பரவுகிறது. நம்ப வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 3 மணி நேரம், 100 மதிப்பெண். வாசிக்கவும் சரிபார்க்கவும் 20 நிமிடம் போக மீதி 160. ஆக, 10 மதிப்பெண் கேள்விக்கு 16 நிமிடம்தான். அதனுடன் 40 நிமிடம் மல்லுக்கட்டினால், வேறு 15 மதிப்பெண்ணுக்கான நேரம் பறிபோகிறது. அவை விடை தெரிந்த கேள்விகளாகவே இருக்கலாம்! விடைத்தாளின் கடைசி வரி பாதியில் அறுந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுதுங்கள். எங்கேனும் சிக்கினால், சில வரிகள் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். திரும்பி வரும்போது, அதுவரை வராத சூத்திரம் பல நேரம் தானே நினைவுக்கு வந்துவிடும்.