குடை செய்ற தாத்தாவுக்காகவே இந்தப் படத்த பாக்கணும்

நேத்து ராத்திரி "லூ ஓவர் தி வால்" மூணாவது தடவையா பாத்தேன், இந்த தடவ மகளோட. 2017ல மசாக்கி யுவாசா எடுத்த ஜப்பான் அனிமேஷன். யார்கிட்ட இதப்பத்தி பேசினாலும் "அது பொன்யோ (மியாசாகியோட அனிமேஷன் படம்) மாதிரி தானே"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க, மனசு கேக்கல, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். முழுக்கதையும் வரும், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

கடல்லேர்ந்து ஒரு குட்டிப்பொண்ணு வர்றா, ஊருக்குள்ள தண்ணி ஏறுது, ரெண்டு படத்துலயும் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பொன்யோல வர்ற பையனுக்கு அஞ்சு வயசு. அந்த வயசுல பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லிடுவாங்க. இங்க காய்ங்கற பையனுக்கு ஒன்பதாவது படிக்கிற வயசு, அப்பா அம்மா பிரிஞ்சதுல டோக்கியோவ விட்டு ஒரு மீன்பிடி ஊருக்கு வந்தவன், யாரோடயும் ஒட்ட மாட்டான், தான் போடற மியூசிக்க கூட பேர் சொல்லாம நெட்ல ஏத்துறான். கூடப் படிக்கிற யூஹோவும் குனியோவும் அத கண்டுபிடிச்சு பேண்டுக்கு இழுக்குறாங்க. பாட்டு கேட்டு கடல்கன்னி லூ வர்றா. பாட்டு ஓடுற வரைக்கும் வால் காலாயிடும். தலைமுடியே தண்ணி, உள்ள மீன் நீந்துது! மனசுல இருக்கறது அப்படியே வாய்ல வந்துரும் அவளுக்கு. அவ பக்கத்துல இருந்து இருந்து தான் இவனுக்கும் வாய் திறக்குது.

படம் ஃப்ளாஷ்ங்கற கம்ப்யூட்டர் அனிமேஷன் மென்பொருள்ல செஞ்சது, அதனால மட்டம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு நேர் எதிரா தோணுது. கோடு வீங்கி, நெளிஞ்சு, ஆளுங்க காலெல்லாம் ரப்பர் மாதிரி போகுதே, கடற்கரைல ஊரே தன்னையறியாம ஆடற சீன்ல, அத வேற எப்படி காட்ட முடியும்? அந்த வருஷம் பிரான்ஸ்ல நடக்கற அன்னெசி அனிமேஷன் விழால முதல் பரிசு இதுக்குத்தான், 1995க்கு அப்புறம் ஒரு ஜப்பான் படத்துக்கு.

குறை இல்லாம இல்ல. லூவ வச்சு ஊர் காசு பாக்க நினைக்கிற பகுதி இழுவை, ஊர்க்காரங்க மனசு மாறறதும் ரொம்ப சீக்கிரம்.

ஆனா காயோட அந்தத் தாத்தா. சின்ன வயசுல தன் அம்மாவ கடல்வாசிங்க, அதாவது லூ மாதிரி ஆளுங்க, கடிச்சத கண்ணால பாத்தவரு, தின்னுட்டாங்கன்னே நம்பி வாழ்நாள் முழுக்க வெறுத்தவரு. பாட்டு கேட்டா அவங்க வந்துருவாங்கன்னு பேரன் பாடறது கூட ஆகாது. தொழில் குடை செய்றது. வெயில் பட்டா கடல்வாசிங்க எரிஞ்சு போயிடுவாங்க, லூவோட அப்பா, அந்தப் பெரிய சுறா, மக கத்தறத கேட்டு பட்டப்பகல்ல உடம்பு பத்தி எரிய ஊருக்குள்ள ஓடி வருவாரு, அப்ப ஏற்கனவே நான் உடைஞ்சிட்டேன். கடைசில வெள்ளத்துல ஊர காப்பாத்த அவங்க வெளிய வரணும், வெயில் வேற. அங்க விரியுது பாருங்க குடைங்க, ஒண்ணொண்ணா, தாத்தா கையால செஞ்சது. அம்மாவ கொல்லல, சாகக் கிடந்தவள கடிச்சு தங்கள மாதிரி ஆக்கி காப்பாத்தியிருக்காங்க.

"அவரு ஏன் கோவமாவே இருக்காரு"ன்னு ஆரம்பத்துலேர்ந்து கேட்டுட்டே இருந்தா மக. அந்த அம்மா வயசே ஏறாம தண்ணிக்குள்ளேர்ந்து வந்து நிக்கறப்போ, நரைச்ச தலையோட அவரு பாக்கறப்போ, மக கேக்கறத நிறுத்திட்டா. என் கைய பிடிச்சிட்டு படம் முடியற வரைக்கும் விடல.