‘எதுக்கும் இருக்கட்டுமே’ குரூப்

பிளஸ் ஒன் சேர்க்கை மேஜையில் இது எனக்கு 19-ஆவது வருஷம். டெல்டாவில் ஒரு சின்ன ஊர், அரசு மேல்நிலைப் பள்ளி. நான் வரலாறு எடுப்பவன். மே மாசம் வந்தால் எங்களில் நாலு பேர் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். வருகிற பெற்றோர் கேட்பது எல்லா வருஷமும் ஒன்றுதான். “சார், ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா?” கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த பிரிவுதான் அது. பிள்ளையைப் பார்த்து “நீ என்னப்பா படிக்கணும்னு நினைக்கிற?” என்று நான் கேட்டால் அதற்கும் அப்பாதான் பதில் சொல்வார்.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். 500-க்கு 468. அவளுடைய அப்பா நெல் கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே, “ஹிஸ்டரி குரூப் சார்” என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “இந்த மார்க்க வச்சுக்கிட்டு ஏம்மா ஆர்ட்ஸ் குரூப்?” வரலாறு எடுக்கிற நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. சரி, அதைவிடுங்கள், பழகிவிட்டது.

அவளுடைய அப்பா கோபப்படவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னார்: “சார், ஃபர்ஸ்ட் குரூப் படிச்சாலும் நாளைக்குக் காலேஜ்ல ஹிஸ்டரி எடுக்கலாம்ல? ஹிஸ்டரி குரூப் படிச்சா அக்ரி காலேஜ் வாசல்லகூட நிக்க முடியாதாம்ல? அது எதுக்கும் இருக்கட்டுமே சார்.”

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஒரு வருஷமாக அதை யோசித்துக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பதிவு.

ரிசல்ட் வருகிற மாசத்தில் முகநூலில் பெற்றோரைத் திட்டுவது ஒரு சடங்கு. ‘டாக்டர், இன்ஜினியர் தவிர உங்களுக்கு வேறொன்றும் தெரியாதா, உலகத்தில் எத்தனை படிப்பு இருக்கிறது’ என்று ஆரம்பிப்போம். நானும் எழுதியிருக்கிறேன், லைக்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் சொன்னது கணக்கு. முதல் குரூப் முடித்த பிள்ளை பி.ஏ. வரலாறு சேரலாம், தமிழ் சேரலாம், பி.காம். சேரலாம், சட்டம் படிக்கலாம். வரலாறு, வணிகவியல் இருக்கிற மூன்றாவது குரூப்பில் இருந்து அந்தப் பக்கம் போக வழி கிடையாது. பி.எஸ்சி. வேளாண்மைக்கு அறிவியல் பாடங்கள் வேண்டும், மீன்வளத்துக்கு உயிரியல் வேண்டும், இன்ஜினியரிங்குக்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும். கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது என்றால், எந்த அப்பாவும் பிள்ளையைத் திறக்கிற பக்கத்தில்தான் நிற்கவைப்பார். முதல் குரூப்பை ஆசைப்பட்டு எடுப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு அது இன்சூரன்ஸ்.

படிப்புகள் இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பட்டுப்புழு வளர்ப்புக்கே ஒரு இளநிலைப் பட்டம் இருக்கிறது. தூத்துக்குடியில் 1977-இலிருந்து மீன்வளக் கல்லூரி நடக்கிறது. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பத்துக்கு ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் அச்சுத் தொழில்நுட்பமும் சுரங்கப் பொறியியலும் சொல்லித் தருகிறார்கள். காரைக்குடியில் ‘சிக்ரி’ என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கடந்து போகாத சிவகங்கைக்காரர் உண்டா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். மின்வேதியியலில் பி.டெக். அங்கே உண்டு. லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019-இல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்களே, அந்தத் துறைதான். ஊரெல்லாம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓடுகிறது. என் பள்ளியில் இந்தப் படிப்பின் பெயரைக் கேள்விப்பட்ட பிள்ளை ஒருவர்கூட இல்லை. உண்மையைச் சொன்னால், கேள்விப்பட்ட வாத்தியாரும் ஒருவர்தான். அவர் காரைக்குடிக்காரர்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவுக்கு நுண்ணுயிரியல் புத்தகம் இருக்கிறது. உயிர்வேதியியல், புள்ளியியல், மனையியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ், அறவியலும் இந்தியப் பண்பாடும் எல்லாம் இருக்கின்றன. தொழிற்கல்வியில் செவிலியம், வேளாண் அறிவியல், ஆடை வடிவமைப்பு என்று தனி வரிசை. அத்தனையும் அச்சடித்த புத்தகங்கள். எங்கள் பள்ளியில் நாலு குரூப். புவியியல் எடுக்க வேண்டும் என்றால் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், அங்கேயும் இரண்டு வருஷமாக ஆசிரியர் இல்லை.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். ஐராவதம் மகாதேவன் கல்லூரியில் படித்தது வேதியியல், அப்புறம் சட்டம், அப்புறம் ஐ.ஏ.எஸ். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை ஒழுங்காகப் படித்து நமக்குக் கொடுத்தவர் அவர். குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி கல்லூரியில் கணிதம் படித்தவர், பிறகு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். மேடையில் இந்த இருவரைச் சொல்லி “பாருங்கள், படித்தது ஒன்று, சாதித்தது ஒன்று” என்று நானே பேசியிருக்கிறேன். அந்த அப்பா பேசிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேருமே கணக்கு, அறிவியல் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள். வரலாறு படித்துவிட்டு வேதியியலுக்குப் போன ஒருவரைச் சொல்லுங்கள் என்று மேடையில் எவனாவது எழுந்து கேட்டிருந்தால் நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், என் பாடத்துக்கே இன்றைக்கு அறிவியல் தேவைப்படுகிறது. கீழடியை நாம் கொண்டாடுவது எதனால்? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு அமெரிக்காவில் மயாமி ஆய்வகத்துக்குப் போய், கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 580 என்று வந்தது. அதனால்தானே? கரிமம்-14 எப்படிச் சிதைகிறது என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் இயற்பியல் ஆசிரியரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நொபொரு கராஷிமா என்ற ஜப்பானியர், எ. சுப்பராயலு முதலானவர்களோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களையெல்லாம் தொகுத்து 1978-இல் வெளியிட்டார். யாருக்கு எந்தப் பட்டம், அது எந்தக் காலத்தில், எந்த ஊரில் என்று எண்ணி எண்ணி வரலாறு எழுதினார். அது பாதி புள்ளியியல். நம் வரலாறு குரூப்பில் கணக்கு கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கிராமத்துச் சிவன் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைக் காட்டத் தெரிந்த நண்பர் ஒருவரும் வந்திருந்தார். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மையை ஒற்றி எடுத்ததும் எழுத்து வெள்ளையாக மேலே வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ‘என்னோடு வருகிறவர்கள் வரலாம்’ என்று சொல்லியிருந்ததால் முதல் குரூப் பையன்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். நில அளவு வரும் இடத்தில் மா என்றால் ஒரு வேலி நிலத்தில் 20-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று, அந்த முந்திரியிலும் 320-இல் ஒன்று கீழ்முந்திரி என்று நண்பர் சொல்லிக்கொண்டு போனார். அவர்களில் ஒருவன் கையாலேயே கணக்குப் போட்டு, “அப்ப 1,02,400-ல ஒரு பங்கா சார்? அவ்ளோ சின்ன நிலத்துக்கு வரி போட்டாங்களா?” என்றான். வண்டியில் திரும்பும்போது மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இதுக்கு எந்த காலேஜ் சார்?” என்று கேட்டான். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் துறை இருக்கிறது என்று சொன்னேன். அவன் நினைத்தால் போகலாம். அவனுக்குக் கதவு திறந்திருக்கிறது.

திறக்காதது என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. கணக்குப்பதிவியல் குரூப். பத்தாம் வகுப்பில் மார்க் குறைவு, அதனால் மேஜையில் கிடைத்த குரூப் அது. செல்போனைப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டுவதில் கில்லாடி. ஆசிரியர் ஓய்வறையில் பாதிப் பேருடைய போன் அவன் கை பட்டதுதான். பிளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் கேட்டான். முதல் குரூப்பிலோ தொழிற்கல்வியிலோ பிளஸ் டூ முடித்திருந்தால் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி, தன்னைவிட இரண்டு வயது சின்னப் பையன்களோடு முதல் வருஷத்தில் உட்கார்ந்தான். அந்த இரண்டு வருஷத்துக்கு யாரும் அவனுக்கு ஈடு கொடுக்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான், அது வேறு.

‘அடிப்படை தெரியாதவனை எப்படிச் சேர்த்துக்கொள்வது’ என்பார்கள். நியாயமான கேள்விதான். இயற்பியலே தொடாதவனைப் பொறியியல் வகுப்பில் தள்ளச் சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2021-இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்தைப் பாருங்கள். பிளஸ் டூவில் எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நாலு வாரம் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, தேறினால் உள்ளே விடுகிறார்கள். காமர்ஸ் படித்தாயா, ஹிஸ்டரி படித்தாயா என்று கேட்பதில்லை. ஐ.ஐ.டி.க்கே அதில் மானம் போகவில்லை என்றால், மற்றவர்களுக்கு என்ன போகிறது? வேளாண்மைக்கு ஆறு மாசம், மீன்வளத்துக்கு ஆறு மாசம், பாலிடெக்னிக்குக்கு ஒரு கோடை விடுமுறை என்று இணைப்புப் படிப்பு வையுங்கள். கஷ்டமான பரீட்சையாகவே வையுங்கள். தேறாதவன் போகட்டும்.

1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. அன்றிலிருந்து பாடப் புத்தகம் எத்தனையோ தடவை மாறிவிட்டது. மொத்த மார்க் 1200-இலிருந்து 600 ஆனது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு காலை நேரத்தில், பத்து நிமிஷத்தில், ஒரு மேஜை முன்னால் நின்று பாதி உலகத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது மட்டும் மாறவில்லை. ‘நான் முதல்வன்’ மாதிரித் திட்டங்கள் என்ன படிக்கலாம் என்று சொல்லித் தருகின்றன. நல்லதுதான். ஆனால் பிளஸ் டூவில் வந்து நூறு படிப்பைச் சொன்னால், குரூப் ஏற்கெனவே அறுபதை அடைத்துவைத்திருக்கும்.

அந்தப் பெண் முதல் குரூப்பில்தான் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் ‘வரலாறு’ என்று எழுதியதை அடித்துவிட்டு மேலே எழுதிக் கையெழுத்து வாங்கியதும் நான்தான். நன்றாகப் படிக்கிறாள், இயற்பியலில் வகுப்பிலேயே முதல். ஜூலையில் நூலகத்திலிருந்து பிளஸ் ஒன் வரலாறு புத்தகத்தை என் பெயரில் எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.