14 மீட்டருக்கு ஒரு லட்சமா?

"பறவைப் படம் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். விலை லட்சத்தை ஒட்டி. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம்.

வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. கேமராவோடு சேர்த்து விற்கும் 55-250 'கிட்' லென்ஸை 250-இல் வைத்து, 10 மீட்டரிலிருந்து எடுத்தால் படம் பதியும் சென்சாரில் 7 மி.மீ. விழும். சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 600-இல் அதே அளவு 24 மீட்டரிலிருந்து கிடைக்கும். ஆக, நாம் வாங்குவது 14 மீட்டர். அதைக் காலால் குறைக்க முடிகிற இடங்களைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

வேடந்தாங்கல் அந்தப் பட்டியலில் வராது. கரையில் நின்று ஏரிக்குள் இருக்கும் மரங்களை எடுக்க வேண்டும். கிட்டே போக வழியில்லை. உழவு ஓடும் வயலுக்குப் போங்கள். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் மைனாவும் ஆளைச் சட்டையே செய்யாது. நேராக நடக்காமல் சாய்வாக நடங்கள், இடையிடையே உட்காருங்கள். பறவை மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் பறந்துவிடும். காருக்குள்ளிருந்து எடுப்பது இன்னும் நல்லது. இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு கிலோ அரிசி போட்ட துணிப்பையை ஜன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் போதும், டிரைபாட் வேண்டாம்.

பழகுவதற்கு என் ஓட்டு பச்சைப் பஞ்சுருட்டானுக்கு. வேலிக்கம்பியிலிருந்து பாய்ந்து தேனீயைப் பிடித்து, பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். கொடுக்கு போகும்வரை தேனீயைக் கம்பியில் அடித்துத் தேய்த்துவிட்டுத்தான் விழுங்கும். கிட் லென்ஸின் ஃபோகஸ் மெதுவானது, இலைகளைக் கண்டால் முன்னும் பின்னும் அலையும். அதனால் பறவை போனதும் கம்பியிலேயே ஃபோகஸைப் பிடித்து வையுங்கள். திரும்பியதும் நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துப் பறவையின் கண்ணில் திருத்தினால் போதும். தலை வெட்டி வெட்டி ஆடும், ஆகவே ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது.

சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 6.3, ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) உச்சவரம்பு 3200. படம் மங்கலானால் லென்ஸைத் திட்டுகிறோம். பாதி நேரம் குற்றவாளி ஷட்டர் வேகம்தான். ஐஎஸ்ஓ கூடினால் புள்ளிபுள்ளியாக வரும் நாய்ஸை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், அசைந்த படத்துக்கு வைத்தியம் கிடையாது. வெயிலில் வெள்ளைக் கொக்கு என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை (அதாவது வெளிச்சம் பாதியாகும் வரை) குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வரியே தெரியாது. வானத்தை முதுகாகக் கொண்ட நீர்க்காகத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். முகநூலுக்கு 2048 தாராளம். மூன்றில் ஒரு பங்காக வெட்டினாலும் தாங்கும்.

நிக்கான் பி900 மாதிரி லென்ஸ் மாற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா வைத்திருப்பவர்களும் கிட்டே போகத்தான் வேண்டும். 2000 மி.மீ.க்குச் சமமான ஜூம் இருக்கிறது, சரி. வெயில் ஏறிய பிறகு இடையில் உள்ள சூடான காற்றின் அலைவும் சேர்ந்து பெரிதாகும். சென்சார் சிறியது என்பதால் ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் இறகு மெழுகாகிவிடும். டிஜிட்டல் ஜூமை அணைத்தே வையுங்கள்.

கூட்டுப் படம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையில்தான் முட்டையிடும். நாம் நிற்கும்வரை அது திரும்பி வராது, முட்டை வெயிலில் காயும். தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.