நமக்கெல்லாம் எழுத்து வருமா?

எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நானும் எழுதிப் பழகுகிறவள்தான்; என்னையும் அது விடுவதில்லை. கதை பாதியில் நிற்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்துவிட்டால் அன்று முழுவதும் வேறு எதிலும் மனம் ஒட்டாது.

இதற்கு "தன்னம்பிக்கையோடு இருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. சந்தேகம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்றால் காலம் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1938இல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்ற தன் பெரிய நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது கூடவே நாட்குறிப்பும் எழுதிவந்தார். தான் எழுத்தாளனே இல்லை, தன்னையும் மற்றவர்களையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக அதில் குறித்துவைத்திருக்கிறார். 1939இல் அந்த நாவல் வெளிவந்தது, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது, 1962இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பரிசுகளை விடுங்கள். நாட்குறிப்பில் புலம்பிவிட்டு, எழுந்து போய்விடாமல், மறுபடி மறுபடி நாவலுக்கே திரும்பி அந்த அக்டோபருக்குள் முடித்துவிட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சந்தேகத்திலும் இரண்டு வகை இருப்பதாக நினைக்கிறேன். ‘நான் எழுத்தாளரா?’ என்பது ஒன்று. இதற்கு இன்று மாலைக்குள் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘இந்த வரி சரியாக இருக்கிறதா?’ என்பது இன்னொன்று. இதற்கு இப்போதே பதில் தேடலாம். என் கதை ஒன்றில் ‘அவள் துயரத்தில் ஆழ்ந்தாள்’ என்று ஒரு வரி இருந்தது. படிக்கும்போதெல்லாம் உறுத்தியது. கடைசியில் ‘கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள்’ என்று மாற்றினேன். உறுத்தல் நின்றது. அந்தச் சந்தேகம் வராமல் போயிருந்தால் பழைய வரி அப்படியே அச்சேறியிருக்கும். அதனால்தான் அதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

நன்றியுணர்வு என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள், உபதேசம் வரப்போகிறது என்று. ஆனால் இது வெறும் உபதேசம் அல்ல. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினரை வாரம் ஒருமுறையாகப் பத்து வாரங்கள், நன்றியோடு நினைக்கும் விஷயங்களை எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழு அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டது. நன்றியை எழுதியவர்களே தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பயிற்சி உண்டா? கையில் பேனா இருக்கிறது!

ஒன்று மட்டும் சொல்வேன்: நன்றி திட்டவட்டமாக இருக்க வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று எழுதினால் மனத்தில் எதுவும் தங்காது. முகம் தெரியாத வாசகி ஒருவர், "மருத்துவமனை வராந்தாவில் அம்மா செருப்பைத் தேடும் இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன், பிறகுதான் தொடர முடிந்தது" என்று எனக்கு எழுதியிருந்தார். கதை பிரமாதம் என்று மட்டும் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். இதை நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். மோசமான நாட்களில் எடுத்துப் பார்ப்பேன். என் சொற்கள் ஒருவரைத் தொட்டிருக்கின்றன என்பதற்குச் சாட்சி அது. எந்த நிராகரிப்புக் கடிதமும் அதை அழித்துவிட முடியாது.

கூட எழுதுகிறவர்களின் புத்தகம் வெளிவரும்போது மனம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டாம். அவர்கள் புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். நல்ல வரி ஒன்று கண்ணில் பட்டதும் பாதிச் சுருக்கம் போய்விடும்.

அந்த வரியை எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பிரமாதம், அருமை என்று நிறுத்தாமல், எந்தப் பக்கம், எந்த வரி, அங்கே உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அவரும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருப்பார்.