காதைப் பொத்தினால் அடம் என்று சொல்லாதீர்கள்

ஆட்டிசம் நோயல்ல, மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் சொல்லியிருப்பது நூற்றுக்கு நூறு சரி. சத்தம், வெளிச்சம், கூட்டம் இவற்றால் பிள்ளைகள் படும் பாட்டையும் சேர்த்திருக்கலாம். சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைத்தெருவில் தீபாவளி நேரத்துக் கூட்டமும் ஹாரனும் தெரியுமே, ஆட்டிசம் உள்ள என் அக்கா மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிடுவான். பார்க்கிறவர்கள் அடம் என்கிறார்கள். அடமே இல்லை, அந்தச் சத்தத்தை அவனால் தாங்க முடிவதில்லை. இப்போதெல்லாம் காலையில் கடை திறந்ததுமே போய்விடுகிறோம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று முதல் நாளே அக்கா படம் வரைந்து காட்டிவிடுவாள். அவன் கையை உதறினால் யாரும் தடுப்பதில்லை. அதில்தான் அவனுக்கு நிம்மதி.

அப்புறம், ஆட்டிசம் தடுப்பூசியால் வந்தது என்று எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பீதியைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. பெற்றவளைக் குறை சொல்வதையும் தயவுசெய்து விடுங்கள், அக்கா அழுததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்காதவர்கள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.