மாடியில் சோலார், கீழே ஆளில்லாத அறையில் ஏசி

இன்றைக்கும் அதே கதை. எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் ஓர் ஆள் கிடையாது. எல்லா விளக்கும் எரிகிறது, ஏசி 18-ல் ஓடுகிறது, பின்பக்க ஜன்னல் திறந்தே கிடக்கிறது. அணைக்கலாமென்றால் ரிமோட் துறை அலுவலகத்தில் இருக்கிறதாம். அங்கே போய்க் கேட்டால், சாயங்காலம் நிகழ்ச்சி இருக்கிறது, அதுவரை ஓடட்டும் என்கிறார்கள். சாயங்காலம் வரைக்கும்! "காலி அறை சார் அது" என்றேன். "அதான் மாடியில் சோலார் போட்டாச்சே, கரண்டுக்கு என்ன காசா கொடுக்கிறோம்?" என்று பதில் வந்தது பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, அந்தச் சோலார் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று மாடி ஏறினேன். விரலை வைத்து இழுத்தால் கோடு விழுகிற அளவுக்குப் புழுதி, அதன்மேல் பறவை எச்சம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நேராக ஒரு வரிசைமேல் விழுகிறது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றிரண்டு நிழலில் மாட்டினாலே அந்த வரிசையின் உற்பத்தி அடிவாங்கும், இதை மாட்டும்போதே யாரும் யோசிக்கவில்லையா? பேனல் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரில், பழுது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. மின்பிரிவைக் கேட்டால் ஒப்பந்தக்காரர் பார்க்க வேண்டும் என்கிறார்கள், ஒப்பந்தக்காரரோ பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டது என்கிறார். கழுவிவிட ஒரு குழாய்கூடப் போடவில்லை, இத்தனைக்கும் தொட்டி பக்கத்திலேயே நிற்கிறது!

நல்ல வெயிலடிக்கும் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாள் முழுக்கக் காய்ந்து தருவது சுமார் 4 யூனிட். ஒன்றரை டன் ஏசி மூன்று மணி நேரம் முழுமூச்சாக ஓடினால் அவ்வளவும் காலி. அந்த அறையை அணைத்திருந்தால் அதே மின்சாரம் ஆய்வகத்துக்குப் போயிருக்கும், வெளியிலிருந்து வாங்குவது அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். எப்படி அது ஓசி கரண்ட் ஆகும்? வகுப்பறைகளில் இன்னும் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள்தான் சுற்றுகின்றன, 30 வாட்டில் அதே காற்றைத் தரும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) விசிறிகள் கடைகளில் கிடைக்கும்போது! செலவைக் குறைக்காமல் பேனலை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆனால் பேனல் வாங்க நிதி வரும், திறப்பு விழா நடக்கும். அணைக்கவும் கழுவவும் ஆள் போடத்தான் யாருக்கும் மனம் வராது.

இதில் நூலகப் படிப்பறையை மட்டும் மின்சாரச் சிக்கனம் என்று சொல்லிச் சீக்கிரமே பூட்டிவிடுகிறார்கள், அதுவும் தேர்வு நேரத்தில். சிக்கனம் பண்ண உங்களுக்குக் கிடைத்த இடம் அதுதானா?