கொஞ்சம் எந்திரிங்க ஆத்தா

எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று நம் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "சின்ன விஷயம், இதோடு விட்டுவிடுவோம்" என்று போட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

சனிக்கிழமை இரவு ஈஸ்டர் பூசைக்கு அங்கே இருந்தவர்களுக்கு நான் எந்த நாற்காலியைச் சொல்கிறேன் என்று தெரியும். கிளைக் கிராமத்திலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து, ஆறு மணிக்கே பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் அந்த ஆத்தா. மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் தண்ணீர் பாட்டிலும் போன வருஷத்து மிச்ச மெழுகுதிரியும். பத்தரை மணிக்கு, "உபயதாரர்" அட்டை ஒட்டிய நாற்காலி அது என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். எழுப்பிய பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "கொஞ்சம் எந்திரிங்க ஆத்தா" என்றான். அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய், சைக்கிள் நிறுத்துகிற பக்கம் தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். பூசை முடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

அந்தப் பையனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. யாரோ கொடுத்த வேலையைச் செய்தான். தயவுசெய்து அவனைத் தேடிப்போய் யாரும் பேசாதீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இயேசு உயிர்த்த ஈஸ்டர் இரவில், உயிர்ப்பு இரவில், கோயிலில் யாருக்காவது எதற்கு இடம் பிடித்து வைக்க வேண்டும்? மற்ற நாள்களைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்த ஒரு இரவில் எதற்கு?

எனக்கு அந்த "எந்திரிங்க" என்ற வார்த்தைதான் இன்னும் காதிலேயே கிடக்கிறது. சின்ன வயதில் அப்பத்தாவோடு பாஸ்குக்கு, அதாவது ஈஸ்டருக்கு, சருகணிக் கோயிலுக்குப் போவோம். பாதி தூரம் பஸ், மீதி நடை. கோயிலுக்கு முன்னால் மணலில் போர்வையை விரித்து அப்பத்தா இடம் போடுவார். நான் தூங்கிவிடுவேன். நடுச்சாமத்தில் மணி அடிக்கிறபோது தோளைத் தட்டி, "சாமி எந்திரிச்சிருச்சு, நீயும் எந்திரி" என்பார். உயிர்ப்பு, உயிர்த்தெழுதல் என்ற சொற்களெல்லாம் பிறகு மறைக்கல்வி வகுப்பில் வந்தவை. எனக்கு முதலில் வந்தது எந்திரி என்ற அந்தச் சொல்தான். அந்த மணலில் எங்களுக்குப் பக்கத்தில் யார் யாரோ படுத்திருப்பார்கள். வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, ஈஸ்டர் தேர் பார்க்க வந்த சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும். மருது பாண்டியர் மானியம் விட்ட கோயில் என்று அப்பத்தா பெருமையாகச் சொல்லுவார். 1973-இல் இறந்த லெவே சாமியாரின் கல்லறையில் மெழுகுதிரி வைக்காமல் ஊர் திரும்ப மாட்டார். பிரான்சில் பிறந்து வந்து இந்தச் சீமையின் வெயிலிலேயே ஆயுசைக் கழித்த மனிதர். எங்கள் பக்கத்து வயசாளிகள் பலருக்கு சாமியார் என்றால் இன்றைக்கும் அவர்தான்.

அந்த மணலில் யாருக்கும் அட்டை இல்லை. முந்தி வந்தவருக்கு முந்தின இடம். பிந்தி வந்தவர் "கொஞ்சம் நகருங்க தாயி" என்பார், நகருவோம். அவ்வளவுதான் ஏற்பாடு.

சரி, இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். ஏற்கெனவே இரண்டு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள்.

"கூட்டம் பெருகிவிட்டது, ஒழுங்கு வேண்டாமா?" வேண்டும். நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசை, அதிலும் பின்பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். இன்றைக்கு மூன்று பூசை வைத்தும் வாசலில் நிற்கிறார்கள். 2024-இல் ஊரே மாநகராட்சி ஆகிவிட்டது. புறநகரில் புதுப்புது நகர்கள். சிக்ரி ஆராய்ச்சி நிலையத்திலும் பல்கலைக்கழகத்திலும் வேலைக்கு வந்தவர்கள், குமரி மாவட்டத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து வீடு கட்டியவர்கள், கட்டட வேலைக்கு வந்திருக்கிற ஜார்க்கண்ட் பிள்ளைகள், எல்லோரும் நம் பங்குதான். சந்தோஷமான விஷயம். கயிறு கட்டுங்கள், வண்டி நிறுத்த ஆள் போடுங்கள், வயசானவர்களுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் முன்வரிசையை ஒதுக்குங்கள். அதற்குப் பெயர் ஒழுங்கு. எழுபது வயதுக்காரரை எழுப்பி நாற்பது வயதுக்காரரை உட்கார வைத்ததற்கு என்ன பெயர்? கூட்டம் அதிகம் என்பதால் அந்த ஆத்தா எழுப்பப்படவில்லை. அந்த நாற்காலியில் ஒரு பெயர் இருந்ததால் எழுப்பப்பட்டார்.

"பந்தலுக்கும் எல்இடி திரைக்கும் பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" இதைக் கேட்டவர் நல்ல மனிதர், எங்களுக்கு எத்தனையோ உதவி செய்தவர். அதனால் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். பைபிளில் யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொன்மோதிரம் போட்டவர் சபைக்கு வந்தால் அவருக்கு நல்ல இடமும், அழுக்குத் துணி கட்டிய ஏழை வந்தால் "நீ அங்கே நில்" என்ற பேச்சும் கிடைப்பதை யாக்கோபு எப்படிக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். நம் பந்தலைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும். திருச்சபை தொடங்கி ஒரு தலைமுறை முடிவதற்குள் இந்த நோய் வந்துவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நம் தமிழ் மண்ணில் அது இன்னும் மோசமாக வந்தது. வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு முன்னால் சாதி பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்து உட்கார வைத்த கோயில் இருந்தது. இடையில் இருந்த சுவரைப் பிறகு இடித்தார்கள். அந்தச் சுவருக்கும் ஒரு காகித அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் அப்பத்தா எந்தக் கோயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டியிருந்தது என்று நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். எனக்குச் சம்பந்தம் தெரிகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

"அந்த ஆத்தாவே குறை சொல்லவில்லை, உங்களுக்கு என்ன?" இந்தக் கேள்விதான் என்னை ரொம்பவும் வருத்துகிறது. அவர் எப்படிச் சொல்லுவார்? ஆயுசு முழுக்க "எந்திரி" என்றதும் எழுந்து பழகியவர். வயல்வரப்பில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி பெஞ்சில், எல்லா இடத்திலும். கோயில் ஒன்றுதான் அவர் தானாகப் போய் முன்னால் உட்காருகிற இடமாக இருந்தது. அதிலிருந்தும் எழுப்பினோம். வாய் திறக்காததால் மனசில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

"வீட்டு விஷயத்தை முகநூலில் போடலாமா? மற்ற மதத்துக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?" பைபிளில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம். சீடர்களின் எண்ணிக்கை பெருகியது என்று தொடங்கி, அதே வசனத்தில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது என்று எழுதியிருக்கிறது. அதை யாரும் மூடி மறைக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துச் சரி செய்தார்கள். கணக்கில் தலை கூடியதையும் பந்தியில் விதவை விடுபட்டதையும் சேர்த்தே எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். நமக்கு மட்டும் என்ன பயம்?

மற்ற மதத்துக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டதால் இதையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதாகிறது. ஈஸ்டர் அன்று காலையில் பூச்சரத்தோடு வந்து, "உங்க சாமி எந்திரிச்ச நாளாச்சே" என்று மாதா படத்துக்குப் போடக் கொடுப்பார். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் முகப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் "வாங்க" என்று தனித்தனியாகக் கேட்பார்கள். வந்தவர் பங்களாவிலிருந்து வந்தாரா குடிசையிலிருந்து வந்தாரா என்று பார்க்காமல் கேட்பார்கள். ஒருவர் கேட்க விட்டுப்போனாலும் அது வருஷக்கணக்கில் மனத்தாங்கலாக நிற்கும். "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்று இந்தச் செட்டிநாட்டில் உறவே முறிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பஸ் ஏறி வந்த ஒரு வயசாளியை "எந்திரிங்க" என்று சொல்லியிருக்கிறோம். இந்த வருஷம் ஆச்சி வந்தபோது பூசை எப்படி நடந்தது என்று கேட்டார். நல்லா நடந்தது ஆச்சி என்றேன். பொய் சொன்னேன்.

"அப்போது நீ என்ன செய்தாய்?" யாரும் இன்னும் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. நான் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். இறங்கிப் போய் என் நாற்காலியைக் கொடுத்திருக்கலாம். கையில் பாட்டுப் புத்தகம், நேரமாகிவிட்டது, அப்புறம் பார்ப்போம் என்று நின்றுவிட்டேன். நான்கு நாளாக எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் உபயதாரர் குடும்பம் இல்லை, நான்தான்.

பிறகு விளக்கெல்லாம் அணைந்தது. வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுதிரியை ஏற்றி, "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று சாமியார் தூக்கிப் பிடித்து வந்தார். ஒரே திரியிலிருந்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு நெருப்பு போனது. பகிர்ந்து கொடுத்தாலும் குறையாத நெருப்பு என்று பாஸ்கா புகழுரையில் பாடினோம். பந்தல் முழுக்க ஒளி வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் இருட்டு. அங்கே வரைக்கும் யாரும் கொண்டுபோகவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற ஜார்க்கண்ட் பிள்ளைகளில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நம் பாட்டு ஒன்றும் புரியாது, பூசை மட்டும் தெரியும். காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நடந்துபோய், அந்த ஆத்தாவின் பழைய மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு வந்தான். அதற்குப் பிறகு செங்கடல் வாசகம். நேரம் இல்லையென்றால் மற்ற பழைய ஏற்பாட்டு வாசகங்களில் சிலவற்றைக் குறைக்கலாம், அந்த ஒன்றை மட்டும் விடவே கூடாது என்பது சபை ஒழுங்கு. அடிமைகளாக இருந்தவர்கள் கடலைக் கடந்து வந்த கதை. எனக்குத் தலையை நிமிர்த்திக் கேட்க முடியவில்லை.

எங்கள் அப்பா ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்தான் இறந்தார். அந்த வருஷம் பாஸ்கா இரவுப் பூசைக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அல்லேலூயா பாட வாய் வராது என்றேன். அம்மாதான் இழுத்துக்கொண்டு போனார். கல்லை யார் புரட்டுவார்கள் என்று தெரியாமலேயேதான் அந்தப் பெண்கள் கல்லறைக்குப் போனார்கள், நீயும் வந்து சும்மா உட்காரு என்றார். போனேன், உட்கார்ந்தேன், பாடவில்லை. பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெரியம்மா இருந்தார். என் திரி அணைய அணைய ஒன்றும் கேட்காமல் தன் திரியால் கொளுத்திக்கொண்டே இருந்தார். நான்கைந்து தடவை. அப்பா எங்கேயோ இருக்கிறார், முடிந்துபோய்விடவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எந்தப் பிரசங்கமும் அதைச் செய்யவில்லை. அவருக்குப் பக்கத்து இடம் அன்றைக்கு எனக்குக் கிடைத்ததால் நடந்தது அது. அங்கே ஒரு அட்டை ஒட்டியிருந்தால் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று இந்த நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பங்கு வளர்கிறது, வளரட்டும். புதுக் கோயில் கட்டலாம் என்று பேச்சு இருக்கிறது. என்னால் முடிந்ததை நானும் கொடுப்பேன். ஆனால் கல்வெட்டில் யார் பெயர் எத்தனையாவது வரியில் வரும் என்பதுதான் இப்போதே பேச்சாக இருக்கிறது. கிளைக் கிராமத்துக்குத் திரும்பிப் போக இரவு பூசை முடிந்து பஸ் கிடையாது, விடிகிற வரைக்கும் அந்த மக்கள் திண்ணையில்தான் கிடக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வேன் வைக்கலாம் என்று யாரும் பேசவில்லை. வெறும் பாய் விரித்தால்கூடப் போதும்.

சாமியார் மேல் எனக்குக் குறை இல்லை. அந்த நேரத்தில் அவர் வெளியே நெருப்பு மூட்டுகிற வேலையில் இருந்தார், அவருக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரியட்டும்.

திங்கட்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஆத்தா வாசலில் வேப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தாயி, காத்து நல்லா வந்துச்சு அங்க" என்றார். காபி போட்டுக் கொடுத்தார். உள்ளே மாதா படத்துக்குக் கீழே அந்த மெழுகுதிரி இருந்தது, சுண்டுவிரல் நீளம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குப் பேரவைக் கூட்டம். அடுத்த வருஷம் பாஸ்காவுக்கு ஒரு நாற்காலியிலும் அட்டை ஒட்டக் கூடாது, கிளைக் கிராமங்களுக்கு வேன் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அன்றைக்குப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போட வருகிறவர்கள் பதினொரு மணிக்குக் கெபி என்கிற குகைக் கோயில் பக்கம் வாருங்கள்.